கண் அழுத்தத்தை அளக்க எந்தக் கருவி: கோல்ட்மேன், காற்று, மீயொலி

கண்ணின் உள்ளழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் இயல்பு என்பது பொதுவான கணக்கு. பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா நோய்க்கு மருந்து தொடங்குவதா, மாற்றுவதா என்ற முடிவில் பெரும்பங்கு வகிக்கும் இந்த எண்ணை, வழக்கமான பரிசோதனைக் கருவிகள் எவையும் நேரடியாக அளப்பதில்லை. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழிப்படலத்தை அழுத்தியோ அசைத்தோ பார்த்துக் கணிக்கின்றன.

சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மேன் 1950-களில் வடிவமைத்த கருவியே இன்றும் உரைகல். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தும் மஞ்சள் சாயமும் இட்டபின், 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசையை அது அளக்கிறது. படலத்தின் விறைப்பும் கண்ணீரின் ஈர்ப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதால் தேர்ந்த அளவு அது. ஆனால் அந்த ஈடு, படலம் ஏறத்தாழ 0.52 மி.மீ. தடிமனாக இருக்கும்போதுதான் சரிவரும். தடித்த படலம் அழுத்தத்தைக் கூட்டியும், பார்வைக் குறை திருத்தும் லேசிக் சிகிச்சையால் மெலிந்த படலம் குறைத்தும் காட்டும்.

காற்றை ஊதிப் படலத்தைத் தட்டையாக்கும் காற்றுக் கருவி கண்ணைத் தொடுவதில்லை, சொட்டு மருந்தும் வேண்டாம். பலரை விரைவாகச் சோதிக்க ஏற்றது. நாடித்துடிப்போடு அழுத்தம் ஏறியிறங்குவதால் ஒரே ஊதலை நம்பாமல் சராசரி எடுப்பது நல்லது.

மீயொலியின் (அல்ட்ராசவுண்ட்) நிலை வேறு. கண்புரை அறுவைக்கு முன் செய்யும் ஏ-ஸ்கேன் என்ற மீயொலிச் சோதனையை அழுத்தப் பரிசோதனை என்று எண்ணுவோர் உண்டு. அது அளப்பது கண்ணின் நீளத்தை. பேக்கிமீட்டர் என்ற மீயொலிக் கருவி அளப்பது கருவிழிப்படலத்தின் தடிமனை. அழுத்தத்தையே மீயொலியால் அறியும் முயற்சிகள், ஒலியால் படலத்தை அதிரவைத்து, அதிர்வின் வேகத்தையோ அலைவெண்ணையோ கவனிக்கின்றன. வாரை இறுக்கினால் மிருதங்கத்தின் சுருதி ஏறுவதுபோல், அழுத்தம் கூடினால் இவையும் கூடும். சிக்கல் என்னவென்றால், தோல் மாறினாலும் சுருதி மாறும். எனவே கோல்ட்மேனைத் தடுமாறவைத்த அதே விறைப்பு இங்கும் குறுக்கிடுகிறது. தடிமனையும் அதே ஒலியாலேயே அளக்க முடிவது மீயொலிக்கு ஆறுதலான சாதகம் என்றாலும், தடிமன் மட்டுமே விறைப்பைத் தீர்மானிப்பதில்லை.

ஆகவே இப்போதைக்கு என் தெரிவு, ஒவ்வொரு முறையும் கோல்ட்மேன், தொடக்கத்தில் ஒருமுறை மீயொலித் தடிமன் அளவு. அந்தத் தடிமனை வைத்துச் சூத்திரப்படி எண்ணைத் திருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய படலம் கிளாக்கோமா அபாயத்தின் அடையாளம் என்று 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியதால், நோயாளியின் கோப்பில் அதைத் தனித் தகவலாகவே குறித்துவைக்கலாம்.