மலையகத்து வாசிகசாலை ஒன்றில் திறந்த மூல மென்பொருள்கள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இயங்கும் ஒரு வாசிகசாலையின் கணினி அறையையும் நூல் பதிவேட்டையும் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறேன். இக்காலம் முழுவதும் எங்கள் கணினிகள், எழுதப்பட்ட மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் திறந்த மூல மென்பொருள்களிலேயே இயங்கி வந்துள்ளன: இயங்குதளமாக டெபியன் லினக்ஸ், ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ், உலாவியாகப் பயர்பாக்ஸ், ஒலி ஒளிக் கோப்புகளுக்கு வி.எல்.சி., நூலக நிர்வாகத்துக்குக் கோஹா. ஒரு மென்பொருளைச் சில வாரங்கள் பயன்படுத்திவிட்டு எழுதப்படும் மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் மாணவர்களின் கைகளிலும், மழைக்கால மின்வெட்டுகளிலும், பணமில்லாத நிர்வாகத்தின் கீழும் அவை எவ்வாறு தாக்குப்பிடித்தன என்பதை விரிவாக எழுதியவர்கள் குறைவு.

எங்களிடம் வந்து சேர்ந்த கணினிகளில் பெரும்பாலானவை கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டவை. அவை வந்தபோது அவற்றில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. அதற்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. புதிய பதிப்பை வாங்கி நிறுவுவதற்கு உரிமக் கட்டணம் செலுத்தப் பணமும் இல்லை, அதைத் தாங்கும் நினைவகமும் அக்கணினிகளில் இல்லை. நகரத்துக் கடைகளில் கிடைத்த திருட்டுப் பிரதிகளை நிறுவுவதே அன்று வழமையாக இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பது ஒருபுறமிருக்க, பிள்ளைகள் முதன்முதலாகக் கணினியைத் தொடும் இடத்தில் திருட்டுப் பிரதியை வைப்பதற்கு எங்கள் நிர்வாகக் குழுவில் எவருக்கும் மனம் ஒப்பவில்லை. டெபியனையும் அதன்மேல் இலகுவான எக்ஸ்எப்சிஇ பணிச்சூழலையும் நிறுவியபோது, குப்பைக்குப் போகவேண்டிய கணினிகள் மீண்டும் ஒழுங்காக இயங்கத் தொடங்கின. அவற்றுள் சில இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பென் டிரைவ்கள் வழியே பரவி மாணவர்களின் கோப்புகளை மறைத்துவந்த நச்சுநிரல்களின் தொல்லையும் அத்துடன் தீர்ந்தது.

இதில் விலையைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க நீண்ட உரை தேவையில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயனில், ஓர் அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பமும் அதன் சுவரில் ஒரு ஜன்னலைத் திறப்பதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எதிர்பார்த்தே நிற்கவேண்டும். உரிமம் பூட்டிய மென்பொருளைப் பயன்படுத்துபவரின் நிலையும் அதுதான். எவ்வளவு காலம் இயங்கும், எந்த மொழியில் இயங்கும், எப்போது நிறுத்தப்படும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் வேறு யாரோ. 1983 இல் அமெரிக்க நிரலாளரான ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தபோது எழுப்பிய கேள்வியும் இந்த அதிகாரத்தைப் பற்றியதே. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், பிரதிசெய்து பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிய வடிவத்தையும் பகிரவும் பயனருக்கு உள்ள உரிமையை, 1989 இல் வெளியான குனூ பொது மக்கள் உரிமம் சட்ட வடிவில் எழுதிவைத்தது. பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருவும் அடுத்த ஆண்டு அதே உரிமத்தின் கீழ் வந்தது. எங்கள் அறையில் உள்ள ஒவ்வொரு கணினியும் அந்த இரு முயற்சிகளின் மேல்தான் நிற்கிறது.

இந்த உரிமை வெறும் தத்துவம் அல்ல என்பதைத் தமிழ் எழுத்துகளில்தான் நான் தெளிவாகக் கண்டேன். இலங்கையில் நெடுங்காலமாகக் கோலோச்சிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆவணம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். தேடவும் இயலாது, வரிசைப்படுத்தவும் இயலாது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் ஒருங்குறி (யூனிகோட்) அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் ஒருங்குறியில் 'கொ' என்பதை எழுதினால், மெய்யெழுத்தின் முன்னே ஒற்றைக் கொம்பையும் பின்னே காலையும் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அதைச் செய்வது ஹார்ப்பஸ் என்னும் திறந்த மூல எழுத்தமைப்பு நிரல். பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் தமிழ் பிழையின்றித் தெரிவதற்குக் காரணம் அதுவே. 2017 இல் வெளியான 5.3 பதிப்பு முதல் லிப்ரே ஆபிஸ் எல்லா இயங்குதளங்களிலும் அதையே பயன்படுத்துகிறது. கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய் தன் ஸ்மார்ட் போனில் மகளின் பாடசாலை அறிவித்தலைத் தமிழில் வாசிக்கும்போது, அவ்வெழுத்துகளை வரிசைப்படுத்திக் கொடுப்பது எவருடைய தனிச்சொத்தும் அல்லாத ஒரு நிரல்தான்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸின் வரலாறும் இங்கே சொல்லத்தக்கது. பல ஆண்டுகளாக அதில் தமிழைச் சரியாக அமைக்க முடியவில்லை. கொம்புகள் இடம் மாறி நின்றன. எங்கள் ஆண்டு மலரை அக்காலத்தில் லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலேயே சிரமத்துடன் தயாரித்தோம். பின்னர் ஓமான் நாட்டுக் குழுவொன்று, அரபு எழுத்துகளுக்காக, ஹார்ப்பஸை ஸ்கிரைபஸுடன் இணைக்கும் பணியை மேற்கொண்டது. அரபுக்குத் திறந்த கதவு தமிழுக்கும் திறந்தது. 2024 இல் வெளிவந்த 1.6 நிலைப்பதிப்பில் எங்கள் மலர் எந்த எழுத்துப் பிழையும் இன்றி அமைந்தது. சந்தை சிறிது என்பதற்காக ஒரு மொழி வரிசையின் கடைசியில் நிற்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

நூலகப் பக்கத்தில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது கோஹா. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த இம்மென்பொருளை இலங்கையின் பல பல்கலைக்கழக நூலகங்களும் பயன்படுத்துகின்றன. அதை நிறுவுவது எளிதல்ல. தரவுத்தளம், இணையச் சேவையகம் ஆகியவை பற்றிய அறிமுகம் இல்லாதவர் தனியே முயன்றால் மனம் சலித்துவிடுவார். பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவரின் வழிகாட்டலில்தான் நாங்கள் நிறுவினோம். ஒருமுறை நிலைபெற்ற பின்னர் இரவல் பதிவு, தேடல், காலம் கடந்த நூல்களின் பட்டியல் எதிலும் அது எங்களைக் கைவிடவில்லை. வெளிநாட்டு நாணயத்தில் ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருளைத் தேர்ந்திருந்தால், டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிய 2022 ஆம் ஆண்டில் எங்கள் நூற்பட்டியலே பூட்டப்பட்டிருக்கும். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. எழுதும் நடுவிலேயே மின்சாரம் போனாலும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஒவ்வொரு முறையும் தன்னைச் சீர்செய்துகொண்டு எழுந்தது.

இணையச் சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்குத் தோட்டப் பிரிவுகளுக்கு, கிவிக்ஸ் மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியாவைப் பென் டிரைவில் கொண்டுசெல்கிறோம். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றை இணையமின்றியே தேடி வாசிக்க முடிகிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர்கள் தங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பைத்தான் மொழியைப் பழகுவதற்கும் எங்கள் பழைய கணினிகளே போதுமானவை. எவரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் தம் தோட்டப் பிரிவுகளையும் லயன் வரிசைகளையும் குறுக்குப் பாதைகளையும் தமிழ்ப் பெயர்களுடன் சேர்த்ததும் இம்மாணவர்கள்தான்.

அந்த வரைபட வேலையை நான் பொழுதுபோக்காகக் கருதவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியபோது, எத்தனை பேர் புதையுண்டனர் என்ற எண்ணிக்கையே நாட்கணக்கில் மாறிக்கொண்டிருந்தது. யார் எங்கே வசித்தார்கள், யார் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்ற பதிவு அத்தகைய வேளையில் உயிரோடு தொடர்புடைய விடயம். அந்தத் தேவைக்கான மென்பொருளை இலங்கையரே முன்னர் எழுதியிருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சார்ந்த தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ முறைமையை உருவாக்கினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, நிவாரண நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு, உதவிக் கோரிக்கைகள் ஆகியவற்றை அது கையாண்டது. மூலநிரல் திறந்திருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அதையே எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுள்ள திட்டங்களுக்கு வழங்கும் விருது 2006 இல் அதற்குக் கிடைத்தது.

குறைகள் உள்ளன, அவற்றை மறைத்து எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநீதி. அரச அலுவலகங்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் வரும் வேர்ட் கோப்புகளின் அட்டவணைகள் லிப்ரே ஆபிஸில் சில வேளைகளில் குலைந்து தெரிகின்றன. இடைமுகத்தின் தமிழாக்கம் சீராக இல்லை. ஒரு பட்டியலில் தமிழும் அடுத்ததில் ஆங்கிலமும் இருப்பது சிறு வகுப்புப் பிள்ளைகளைக் குழப்புகிறது. மலிவான சில பிரிண்டர்களுக்கும் வைஃபை அட்டைகளுக்கும் அவற்றை இயக்கும் நிரலான இயக்கியை (டிரைவர்) தேடுவது இன்றும் பெரும்பாடு; வாங்குவதற்கு முன்பே லினக்ஸில் இயங்குமா என்று விசாரிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. நூல்களை மின்வடிவாக்கும் பணியில், டெசராக்ட் எழுத்துணரி புதிய அச்சுகளை நன்கு வாசித்தாலும், பழைய அச்சகங்களின் ணை, லை, னை வடிவங்களில் தடுமாறுகிறது. அதற்கு மேலதிகப் பயிற்சி கொடுக்க வழி திறந்திருக்கிறது, ஆனால் அதற்கான நேரமும் ஆளும் எங்களிடம் இல்லை.

பாதுகாப்புப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு: எல்லோரும் பார்க்கக்கூடிய நிரலில் எவரும் தீங்கைப் புகுத்தலாமே என்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும், கோப்புகளைச் சுருக்கும் நிரலில் அப்படியே நடந்திருப்பது தெரியவந்தது. பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் சம்பாதித்த ஒருவர் இரகசியமாக உள்நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்றை அதில் பொருத்தினார். சேவையகத்தில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் காரணத்தைத் தோண்டிச் சென்று அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைப்பதிப்பை அது எட்டவில்லை. தனியொரு பராமரிப்பாளர் களைத்துப்போகும்வரை உலகமே அவர்மீது சாய்ந்திருந்தது கவலைக்குரியது. பெருநிறுவனங்கள் இத்தகையோருக்கு நிதி வழங்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வேளை, மூலநிரல் பூட்டியிருந்தால் வெளியாள் ஒருவர் அந்தத் தாமதத்தின் காரணத்தைத் தேடி இவ்வளவு தூரம் சென்றிருக்க முடியாது.

இப்போது எங்கள் முன்னே உள்ள வேலை பழைய வகையான 32-பிட் கணினிகளை மாற்றுவது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இல் அவற்றுக்கான நிறுவி இல்லை. 12 ஆம் பதிப்போடு சில காலம் ஓட்டலாம். அம்முடிவு பகிரங்கமாக விவாதிக்கப்பட்டு, போதிய அவகாசத்துடன் அறிவிக்கப்பட்டதால் திட்டமிட முடிந்தது. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10 இற்கான ஆதரவு முடிவுற்றதால் அலுவலகங்கள் நல்ல 64-பிட் கணினிகளைக் கழித்து வருகின்றன. வேறு வாசிகசாலைகளும் அவற்றைக் கேட்டுப் பெறலாம். அவ்வாறு தொடங்குவோர் முதலில் இருக்கும் இயங்குதளத்திலேயே லிப்ரே ஆபிஸையும் பயர்பாக்ஸையும் ஒரு தவணைக் காலம் பழகிவிட்டு, அதன்பின் லினக்ஸுக்கு மாறுவது நல்லது. நிறுவல் கோப்பு பல ஜிகாபைட் அளவுடையது என்பதால் ஒவ்வொருவரும் டேட்டா செலவழித்துப் பதிவிறக்கத் தேவையில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.