ஃப்ளாட்டுக்குள் ஒரு பொடக்காலி: பூனை ட்ரேயில் பொள்ளாச்சிப் பித், ஒரு வருஷப் பயன்பாட்டில்

ஊர்ப்பக்கம் பூனை வளர்க்கிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், மண் இருக்கிறது. பூனை போகும், தோண்டும், மூடும், ஒன்றும் நடக்காத மாதிரி திண்ணைக்கு வந்து படுத்துக்கொள்ளும். அதே பூனை கோவை பீளமேட்டில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தால், பொடக்காலியை ஒரு பிளாஸ்டிக் ட்ரேக்குள் நாம்தான் கட்டித்தர வேண்டும். கடையில் கிடைக்கும் பெண்டோனைட் என்ற களிமண்ணாலான பூனை மணல் ஒரு வழி. பொள்ளாச்சியில் மலைபோல் குவிகிற தேங்காய் நார்த்தூள் இன்னொரு வழி. மில்காரர்கள் பித் என்பார்கள், நர்சரியில் கோகோ பீட் என்று கேட்டால் தருவார்கள். இது அந்த இரண்டாவது வழியைப் பற்றி, ஆடிக்காற்று, ஐப்பசி மழை, சித்திரை வெயில் மூன்றையும் தாண்டிய பயன்பாட்டின் கணக்கு.

முதலில் ட்ரே. கடையில் அழகாக இருப்பவை பாதி குட்டிகளுக்கானவை. பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். நம்மூர் நாட்டுப்பூனைக்கு 60 செ.மீ.க்குக் குறைந்தால், முன்பாதி ட்ரேக்குள்ளும் பின்பாதி டைல்ஸ் மேலும் நிற்கும். காரியம் நடப்பது பின்பாதியில். துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கச் சுவரை மட்டும் 10 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் போதும். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருந்தால்தான் தோண்டுகிற வேகத்தில் பித் வெளியே பறக்காது. ஒரு பூனைக்கு இரண்டு ட்ரே, இரண்டு பூனைக்கு மூன்று. அதிகப்படி என்று தோன்றும். பூனைக்குத் தோன்றாது.

45-க்கு 60 செ.மீ. ட்ரேயில் 6 செ.மீ. உயரத்துக்கு நிரப்பக் கிட்டத்தட்ட 16 லிட்டர் பொருள் வேண்டும். பித் என்றால் 650 கிராம் செங்கல் கட்டி இரண்டு. பெண்டோனைட் என்றால் 12 கிலோவுக்குக் குறையாது. லிஃப்ட் ஓடாத நாளில் இந்த ஒரு கணக்கே பித்துக்கு ஓட்டுப் போட வைக்கும். 5 கிலோ பெரிய கட்டி ஒன்று, ஒரு பூனை இருக்கும் வீட்டில், ஒரு ட்ரேக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் வரும்.

கட்டியை உதிர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செடிக்குச் செய்வது போல மூன்று, நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் அது தொட்டி மண். அதில் இனிமேல் மூத்திரம் இறங்க இடம் இருக்காது. 650 கிராம் கட்டிக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, அரைமணி நேரம் விட்டு, கையால் உதிர்த்து, மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்த பித் நல்ல உறிஞ்சி; தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்ததும் சல்லடையில் சலித்து நீள மஞ்சியை எடுத்துவிடுங்கள். அந்த நார்தான் நகத்தில் சுற்றிக்கொண்டு, பூனையோடு ஹால் வரை ஊர்வலம் வரும். சலிக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

தினப்படி வேலை: கெட்டியானதைக் காலையும் பொழுதோடவும் ஜல்லிக்கரண்டியில் அள்ளிவிட வேண்டும். (கரண்டியின் காம்பில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள். பஜ்ஜி போடுகிற நாளில் மாறிவிடக் கூடாது.) பித் பெண்டோனைட் மாதிரி கட்டி கட்டாது, நனைந்த இடம் கறுத்துத் தெரியும், அந்தக் கறுப்பை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாக இரண்டு கை போடலாம். அஞ்சாறு நாளில் மொத்தமும் மாற்றியே ஆக வேண்டும். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைப்பதுதான் நாற்றத்துக்குக் காரணம். ஏழாவது நாள் அவை உற்சாகமாகிவிடும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். ஒறம்பரை (விருந்தாளி) வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "ஏனுங்க, ஊட்டுக்குள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?" என்று கேட்கும் வரை தெரியாது.

இனி பருவம். இதை எந்தப் பாக்கெட்டிலும் அச்சடிக்க மாட்டார்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைப்பதோடு நிற்காது. மேற்குப் பார்த்த பால்கனியில் ட்ரே இருந்தால் பாதிப் பித்தை ஹாலுக்கும் மீதியைக் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட வேட்டிக்கும் கொண்டுபோகும். அந்த இரண்டு மாதமும் ட்ரே உள்ளே வரவேண்டும், இல்லாவிட்டால் பித்தோடு பாதிக்குப் பாதி பெண்டோனைட் கலந்து கனமாக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சங்கதி தலைகீழ். காற்றில் இருக்கும் ஈரத்தையே பித் உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாம் நாளே வெள்ளைப் பூசணம், கூடவே குட்டிக் குட்டிக் கொசு மாதிரிப் பூச்சிகள். மாடியில் காயவைக்கவும் வழியில்லை. அந்த இரண்டு மாதம் பித்தை விட்டுவிட்டுப் பெண்டோனைட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம். தை முதல் வைகாசி வரை பித்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் திடுதிப்பென்று மாற்றக் கூடாது. பத்து நாளில், பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பூனைக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு முதல் அடையாளம், நாலு காலையும் ட்ரே விளிம்பில் வைத்துக்கொண்டு கழைக்கூத்தாடி மாதிரி நிற்பது. அடுத்து, ஒவ்வொரு காலாக உதறுவது. அதற்கும் அடுத்தது குளியலறை மிதியடி. அதைத் தாண்டி விட்டுவைத்தால், வடகத்துக்கு விரித்த வேட்டி.

பித்தின் பெரிய குறை கறை. நனைந்த பித்திலிருந்து டீத்தண்ணி நிறத்தில் சாயம் இறங்கும். வெள்ளை டைல்ஸும் வெள்ளைப் பூனையும் இருக்கிற வீட்டில் தரையும் பூனையின் பாதமும் பழுப்பாகும். ட்ரே முன்னால் கயிற்று மிதியடி ஒன்றைப் போட்டால் பாதி குறையும்.

ட்ரேயைக் கழுவப் பாத்திரம் விளக்கும் சோப்பும் சுடுதண்ணீரும் போதும், பிறகு வெயில். ஃபினாயில் வேண்டவே வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்களை வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. ஈரத்தரையில் நடந்து, காலை நக்கினாலே உள்ளே போய்விடும். பிளீச்சும் வேண்டாம். மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் கிளம்பும் புகை நம் நெஞ்சைத்தான் முதலில் பிடிக்கும்.

கடுவன் பூனை இருக்கிற வீட்டில், குறிப்பாகக் கருத்தடை செய்து உலர்தீனி மட்டும் தின்கிற பூனை என்றால், வருஷம் முழுக்கப் பெண்டோனைட்தான் சரி. நாளைக்கு இரண்டு முதல் நாலு கட்டி விழுகிறதா என்று எண்ணிவிடலாம். பித்தில் எண்ண முடியாது. திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தும் சொட்டு வரவில்லை என்றால் மூத்திரப்பை அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பழைய பித்தைக் கழிவறையில் கொட்டாதீர்கள். பெண்டோனைட்டைக் கொட்டவே கொட்டாதீர்கள், குழாய்க்குள் உப்பிச் சிமெண்டாகும். தாளில் தனியாகப் பொட்டலம் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். உரமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நார்க்கழிவை மக்கவைக்க நம்மூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்ப்பார்கள். யூரியாவைப் பூனை இலவசமாகவே தருகிறது. ஆனால் மலத்தோடு, மனிதருக்குத் தொற்றி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமியும் வரக்கூடும். அதனால் கீரை, தக்காளி, கறிவேப்பிலைப் பக்கம் அந்த உரம் போகக் கூடாது. அக்கிருமி வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் தொற்றும் நிலைக்கு வரும், தினமும் அள்ளச் சொல்வது அதற்காகவும்தான். கர்ப்பிணிகள் ட்ரே வேலையைப் புருஷனிடம் தள்ளிவிடலாம், நல்ல சாக்கு.

கடைசியாக, உதிர்த்துக் காயவைத்த பித்தை மூட்டையாக வைக்கும்போது வாயை இறுக்கிக் கட்டுங்கள். திறந்து கிடந்தால், 70 லிட்டர் கொள்ளளவில் புது ட்ரே வந்திருக்கிறது என்று பூனை அதிலேயே இறங்கிவிடும்.