ஐந்து ஊசியா, ஒரே ஊசியா? குறைமாதக் குழந்தைகளுக்கான ஆர்.எஸ்.வி. தடுப்பு மருந்துகள்

கைக்குழந்தையின் நுரையீரலில் மூச்சுச் சிறுகுழாய்கள் மிகவும் குறுகலானவை. மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. (ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்) அங்கே இறங்கிவிட்டால் உட்சுவர் வீங்கும், சளியும் செத்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு பாதகமும் உண்டு. தாயின் ஆன்டிபாடிகள், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதங்கள், பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் நஞ்சுக்கொடி வழியே வந்து சேரும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சீதனத்தில் பெரும்பங்கு கிடைப்பதே இல்லை.

அந்தக் குறையை ஈடுகட்ட வந்தவை சினாஜிஸ் என்ற வணிகப் பெயர் கொண்ட பாலிவிசுமாப், பெய்ஃபோர்டஸ் என்ற பெயரில் விற்கும் நிர்செவிமாப். இவை உடலைப் பழக்கும் வழக்கமான தடுப்பூசிகள் அல்ல. தயாராகச் செய்துவைத்த ஆன்டிபாடியையே தொடைத் தசையில் ஏற்றுகிறோம். வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதத்தை அது பிடித்து முடக்குகிறது.

பாலிவிசுமாப் சோதித்துத் தேறிய மருந்து. 1,502 குழந்தைகளை வைத்து நடந்து 1998இல் வெளியான ஆய்வில், ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 10.6 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 4.8 சதவீதம். குறை மருந்தில் இல்லை, அதைக் கொடுக்கும் முறையில் இருக்கிறது. கிலோவுக்கு 15 மி.கி., மாதம் ஒருமுறை, வைரஸ் பரவும் சீசனுக்கு வழக்கமாக ஐந்து தடவை. 4.2 கிலோ குழந்தைக்கு 63 மி.கி., அதாவது 0.63 மி.லி. வேண்டும். 50 மி.கி. குப்பி போதாது, 100 மி.கி. குப்பியை உடைத்து மிச்சத்தைக் கொட்ட வேண்டும், ஏனென்றால் அதில் கெடாமல் காக்கும் பொருள் கிடையாது. அடுத்த மாதம் குழந்தை 5.1 கிலோ ஆகியிருக்கும். சீட்டில் உள்ள பழைய எடையைப் பார்த்து அதே 63 மி.கி. போட்டால் கிலோவுக்கு 12 மி.கி. சொச்சம்தான் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் தராசில் போட்ட பிறகே சிரிஞ்சைத் தொட வேண்டும். அளவு 1 மி.லி.யைத் தாண்டினால் இரண்டு இடத்தில் பிரித்துப் போட வேண்டும். குப்பியைக் குலுக்கவே கூடாது.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் இரண்டாவது ஊசி. முதல் ஊசிக்கு 30 நாள் கழித்து இரத்தத்தில் எஞ்சும் மருந்து சராசரியாக மி.லி.க்கு 37 மைக்ரோகிராம், இலக்கோ 40. இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் அது 57 அளவில் நிற்கிறது. ஆக, 'லேசாகச் சளி பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடும் அந்த வாரம்தான் பாதுகாப்பு மிக மெலிந்த வாரம். சாதாரணச் சளி ஊசியைத் தள்ளிவைக்கக் காரணமே ஆகாது.

நிர்செவிமாப் இந்தத் தலைவலியை அடியோடு தீர்த்துவிடுகிறது. ஆன்டிபாடியின் வால்பகுதியில் செய்த சிறு மாற்றத்தால் அதன் அரை ஆயுள், அதாவது உடலில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் 70 நாள். பாலிவிசுமாபுக்கு 20 நாள்தான். ஒரே ஊசி குறைந்தது ஐந்து மாதம் காக்கிறது. முதல் சீசனில் எடை 5 கிலோவுக்குக் கீழே என்றால் 50 மி.கி., 5 கிலோவோ அதற்கு மேலோ என்றால் 100 மி.கி. மருந்து சிரிஞ்சிலேயே நிரப்பி வருகிறது: ஊதா நிற உந்துதண்டு 50, வெளிர்நீலம் 100. கணக்குப் பிழைக்கு இடமே குறைவு. ஆபத்து நீங்காத குழந்தைக்கு இரண்டாவது சீசனில் 200 மி.கி., இரண்டு சிரிஞ்சாக. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி. வெளியே எடுத்தால் 8 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இரண்டும் கிடைக்கும் இடத்தில் தயங்காமல் நிர்செவிமாபையே கேளுங்கள். பழையது மட்டும் கிடைத்தாலும் விட்டுவிடாதீர்கள், தேதி தவறாமல் போடுங்கள். எதைப் போட்டிருந்தாலும், செயற்கை இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து அறுவைசிகிச்சை நடந்தால் மருந்து கணிசமாகக் கரைந்துபோகும். குழந்தை நிலைப்பட்டதும் இன்னொரு டோஸ் தேவை. ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால் தசை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இவை ஆர்.எஸ்.வி.யை மட்டுமே தடுப்பவை, அதையும் முழுதாக அல்ல. மூச்சு வேகமெடுத்தாலோ, விலா இடுக்கில் தோல் உள்வாங்கினாலோ, வழக்கத்தில் பாதிதான் பால் குடித்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாலிவிசுமாப் போட்டிருப்பதை அங்கே சொல்லுங்கள். வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையில் அது கிருமியை மறைத்து 'இல்லை' என்று காட்டக்கூடும், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.