குடும்ப வழக்குக்கு மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணி

பெயரைப் போடவில்லை. சட்டத்தரணிகள் விளம்பரம் தேடுவதை அவர்களுடைய ஒழுக்க விதிகள் விரும்புவதில்லை. "எழுதுவதென்றால் என் பெயரை விட்டுவிட்டு எழுதுங்கள் ஐயா" என்று அவரும் சொல்லிவிட்டார். நகரில் குடும்ப வழக்கு என்று நாலு பேரிடம் விசாரித்தால் மூன்று பேர் இந்த அம்மையாரைத்தான் கைகாட்டுவார்கள்.

என் தங்கையின் மகளுடைய விடயமாகப் போனோம். அவளுடைய கணவன் அரச திணைக்களம் ஒன்றில் சாரதி. வீட்டை எட்டிப் பார்ப்பதுமில்லை, பிள்ளைகளுக்கு ஒரு சதம் தருவதுமில்லை. மருமகள் விவாகரத்துத்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். சட்டத்தரணி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, பிள்ளை?"

இந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்தான் அப்படித் தொடங்குவார். இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்தே கட்டிக்கொடுக்கிறோம். மாப்பிள்ளைதான் வந்து இருக்கிறவர். புருஷனின் சம்மதமில்லாமல் அந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று யாழ்ப்பாணத்துச் சம்பந்தி ஒருவர் மருமகளைப் பயமுறுத்தி வைத்திருந்தார். அது வடமாகாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம், நமக்குப் பொருந்தாது. 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி அவள் சொத்து அவளுடையதே என்று சட்டத்தரணி இரண்டு வசனத்தில் முடித்தார். நான் இந்தப் பக்கத்துப் பழைய வழக்கச் சட்டமான முக்குவச் சட்டத்தைப் பற்றி வாயெடுத்தேன். "அது 1876 உடன் போய்விட்டது ஐயா" என்றார், கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

விவாகரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் தாபரிப்பு, அதாவது பிள்ளைகளின் செலவுக்கான பணம் என்பது அவருடைய முடிவு. இருவரும் சம்மதித்துவிட்டோம் என்பதற்காக மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துத் தராது. பிறரோடு தொடர்பு, வன்மமாகக் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை ஆகிய மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். எதிராளி மறுத்து நின்றால் வழக்கு இழுபடும். அதுவரை பிள்ளைகள் எதைச் சாப்பிடுவது? தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குரியது, 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம். மூத்தவனுக்கு வயது பத்தொன்பது, அவனுக்கு இனி ஒன்றும் கிடைக்காது என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். தன்னைப் பராமரிக்க இயலாத பிள்ளைக்கு 25 வயது வரை கேட்கலாமாம்.

அவருடைய வேலைத்திறனைக் கண்டது ஒரு சி.ஆர். கொப்பியில்தான். பிள்ளைகளின் மாதச் செலவை அதில் எழுதிவரச் சொல்லியிருந்தார். மருமகள் அரிசி, பால்மா, டியூசன், பஸ் சீசன் என்று எழுதி, அடியில் 'ஏனையவை' என்று ஒரு பெரிய தொகையைப் போட்டிருந்தாள். சட்டத்தரணி சிவப்புப் பேனையால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். "நீதவான் இதைத்தான் முதலில் வெட்டுவார். செருப்பென்றால் செருப்பு என்று எழுது, பனடோல் என்றால் பனடோல் என்று எழுது." அங்கேயே இருத்தி எழுதவைத்தார். கட்டளை கிடைத்தபோது அந்தக் கொப்பி எங்கள் பக்கம் பேசியது. பணம் இப்போது அந்த ஆளின் சம்பளத்திலேயே கழிபட்டு வருகிறது. அரச உத்தியோகம் என்பதால் ஒளிக்க வழியில்லை.

புதுக்கடைச் சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவர். இரண்டாண்டு தொழில் பழகுமுன் சுனாமி வந்துவிட்டது. கல்லடி, நாவலடிப் பக்கம் உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவதும், தாய் தகப்பனில்லாத பிள்ளைகளுக்குப் பொறுப்பாளரைத் தேடுவதுமாக, 2005 ஆம் ஆண்டின் சுனாமிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததுதான் தன் உண்மையான படிப்பு என்று ஒரு தரம் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. தொலைபேசி எடுக்கமாட்டார். ஒரு தவணைக்குக் களுவாஞ்சிகுடி நீதிமன்றத்தில் நின்றுகொண்டு கனிஷ்ட சட்டத்தரணியை அனுப்பினார். அவர் வேறொரு தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார், எங்களுக்குக் கட்டணம் மட்டும் குறையவில்லை. அதை நான் முகத்துக்கு நேரே சொன்னேன். "சரி" என்றார், அவ்வளவுதான். நகரில் மலிவான ஆளுமில்லை. ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு உண்டு. முடியாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடுவார். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், முஸ்லிம்களின் விவாக வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது என்று சொல்லி, அங்கே என்ன பேசவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

போகிறவர்கள் விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதியின் பிரதி ஆகியவற்றோடு பின்னேரம் போங்கள். காலையில் ஆள் நீதிமன்றத்தில். அலுவலகம் மாடியில், படி செங்குத்து. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கீழே போட்டோப் பிரதிக் கடையில் சொன்னால் கதிரை போட்டுத் தருவார்கள், அவரே இறங்கி வருவார்.