கவசம் செய்து தருவதாகச் சொல்லிக் காசு பறிக்கிறார்கள்: காஸ்ப்ளே, லார்ப் நண்பர்களே உஷார்!

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறப்போட்டால் இன்னொருவர் போய் மாட்டிக்கொள்வார். எனக்குப் போனது இரண்டு மாதச் சம்பளம். ஆர்டர் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

இவை தெரியாதவர்களுக்கு: காஸ்ப்ளே என்றால் சினிமா, கதைப் பாத்திரம் மாதிரி உடை போட்டுக்கொள்வது. லார்ப் என்றால், ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற உடையில், கதைக்குள்ளேயே நாள் முழுக்க நடமாடும் விளையாட்டு. எழுதி வைத்த வசனம் கிடையாது. பேச்சு, பேரம், துரோகம், சண்டை எல்லாம் அங்கேயே பிறக்கும். என் பாத்திரம் எல்லைக் காவல் படையின் தலைவி. மார்க்கவசம், தோள்கவசம், தலைக்கவசம், ஒரு வாள் தேவைப்பட்டன. துணி தைக்க எனக்கு வரும். கவசத்துக்கான ஃபோமை வெட்டிப் பசை போட வீட்டில் இடமில்லை. அதனால் படங்கள் பகிரும் தளம் ஒன்றில், காஸ்ப்ளே கவசம் செய்து விற்கும் பக்கத்தை அணுகினேன்.

எந்த இடத்தில் நம்பினேன் என்பதைக் கவனியுங்கள், அங்கேதான் பிடிக்கிறார்கள். அந்த ஆள் முதலில் விலையே பேசவில்லை. "சண்டையில கை தூக்குவீங்களா, இல்ல போட்டோவுக்கு நிக்க மட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். கை தூக்கினால் மார்க்கவசம் மேலேறித் தொண்டையில் இடிக்கும், அக்குளில் ஆழமாக வெட்டித் தோள்கவசத்தைத் தனிப் பட்டையில் தொங்கவிட வேண்டும் என்றார். மார்புக்கு 10 மில்லிமீட்டர் ஈவா ஃபோம் (ரப்பர் செருப்பு மாதிரி மெத்தென்ற தகடு), மேலே வேலைப்பாட்டுக்கு 2 மில்லிமீட்டர் என்றார். வேலை தெரிந்தவருடைய பேச்சு அது. பிறகு உடல் அச்சு கேட்டார். பழைய டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நான் நிற்க, தங்கை என்னைச் சுற்றி டக்ட் டேப் ஒட்டி, முதுகுப்பக்கம் கத்தரித்து எடுத்தாள். அதையும் அனுப்பினேன். "நாமெல்லாம் ஒரே கூட்டம், நமக்குள்ள ஏமாத்துவோமா?" என்று பதில் வந்தது. அன்றைக்கே ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகப் போட்டேன். பாதி வேலை முடிந்ததாகப் படங்கள் வந்ததும் இன்னொரு மாதச் சம்பளம்.

அதற்குப் பிறகு ஆளே வேறு. பசை காயவில்லை, ஹீட் கன் பழுது, பெயிண்ட் வரவில்லை, எல்லாம் கூரியர்காரர் தப்பு. பல கேள்விகளுக்கு ஒரு கட்டைவிரல் படம்தான் பதில். ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை பெட்டி வந்தது.

மார்க்கவசம் என் அளவே இல்லை. அச்சைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஃபோமின் மேல்பரப்பைச் சூடுகாட்டி மூடாமல், ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் நேராகப் பெயிண்ட் பூசியிருந்ததால் வளைகிற இடமெல்லாம் வெடிப்பு. தலைக்கவசம் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சடித்தது. அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். முகமறைப்பு வரும்போதே கோணியிருந்தது.

வாளைத்தான் மன்னிக்கவே முடியாது. லார்ப் வாளின் நடுவில் கண்ணாடி இழைத் தண்டு இருக்கும். அதன் முனை ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வராதபடி தோலோ கனத்த துணியோ வைத்து மூடியிருக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை. ஆட்டத்துக்கு முன் நடந்த பாதுகாப்புச் சோதனையில் இருந்தவர் நுனியை அழுத்திப் பார்த்ததுமே ஒதுக்கி வைத்துவிட்டார். அவர் கவனித்திராவிட்டால் யாருடைய கண்ணாவது போயிருக்கும்!

அந்த "பாதி வேலை" படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். வேறொரு கலைஞர் எப்போதோ தன் பக்கத்தில் போட்ட படங்கள்.

பணத்தைக் கேட்டால், அளவெடுத்துச் செய்த பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாதாம். திரும்பக் கேட்டதற்கு, "வயசானவங்க வேஷம் கட்டி விளையாடுறதுக்கு இவ்ளோ சீனா?" தளத்தில் புகார் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று தானியங்கிப் பதில். பணம் அனுப்பிய செயலியிலோ, நீங்களே அனுப்பியதுதானே என்று கைவிரித்துவிட்டார்கள்.

வயசைப் பற்றிப் பேசிய வாய்க்கு ஒன்று சொல்கிறேன். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களின் உடையில்தான் போனார்கள். இரண்டு உடையையும் தைத்தவர் மிர்ட்டில். 1982இல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் லார்ப் ஆடியவர்களும் பெரியவர்கள்தான். எனக்குப் பிடித்ததை என் உழைப்பில் செய்கிறேன். பெரியவர்களின் பொழுதுபோக்கு என்பதால் இரண்டு மாதச் சம்பளம் செல்லாக்காசு ஆகிவிடுமா?

விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வேலை நடக்கும் படத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய தாளை வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் காட்டுகிற படங்களைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். திரும்பப் பெற வழியில்லாத முறையில் பணம் அனுப்பாதீர்கள். வாள் வாங்கினால் நுனியை அழுத்திப் பாருங்கள்.

என் உடல் அச்சு இன்னமும் அவர்களிடம்தான் இருக்கிறது, திருப்பித் தர மறுக்கிறார்கள். அந்தப் பக்கம் இன்று காலையிலும் புது ஆர்டர் எடுப்பதாகப் பதிவு போட்டிருக்கிறது, அதே திருட்டுப் படங்களோடு.