விண்டோஸ் 11-க்கு மாறியதும் ஆன்டிவைரஸ் படுத்துக்கொண்டால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் ஆடிட்டர் அலுவலகம், நகைக்கடை, ஜெராக்ஸ் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை என்று வரிசையாக விண்டோஸ் 11 ஏறியது. ஏறிய மறுநாள் வரும் புகார் அநேகமாக ஒன்றுதான்: "ஆன்டிவைரஸ் சிவப்பு காட்டுது, ஆன் பண்ணா ஆன் ஆகமாட்டேங்குது." சென்னைத் தயாரிப்பான கே7, புனேயின் குவிக் ஹீல், வெளிநாட்டுப் பெயர்கள் என்று நம் பக்கம் எல்லாமே ஓடுகின்றன. கீழே வருவது எந்தவொரு பெயருக்கும் உரியது அல்ல. மாறிய பிறகு பல மாதங்கள் ஓடிய கணினிகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது.

எல்லாரும் முதலில் தொடுவது 'ரிப்பேர்' பொத்தானை. பெரும்பாலும் நேரம்தான் வீண். ஆன்டிவைரஸ் என்பது கணக்கு எழுதும் டேலி மாதிரி மேலே உட்கார்ந்து ஓடும் மென்பொருள் அல்ல. திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இடைமறித்துப் பார்க்கும் ஃபில்டர் டிரைவர் ஒன்றை விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் அது போட்டு வைத்திருக்கும். கணினி எழும்போதே மற்ற டிரைவர்களுக்கு முன்னால் ஏறும் இன்னொரு டிரைவரும் பலவற்றில் உண்டு. மேம்படுத்தும்போது செட்டப் புதிய விண்டோஸ் ஃபோல்டரைக் கட்டி, பழையதை விண்டோஸ்.ஓல்ட் என்று ஒதுக்கிவிட்டு, டிரைவர்களையும் சர்வீஸ்களையும் ஒவ்வொன்றாகக் குடிமாற்றுகிறது. அதில் ஒன்று விடுபட்டாலும் திரையில் ஐகான் இருக்கும், உள்ளே காவல் இருக்காது. நிலைக்கதவையே மாற்றிவிட்டுப் பழைய பூட்டைத் தொங்கவிட்ட கணக்கு. ரிப்பேர் பொத்தான் பூட்டுக்கு எண்ணெய் போடும், அவ்வளவுதான்.

கெர்னலில் கை வைத்த மென்பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2018 ஜனவரியில் பிராசஸரில் இருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் தந்த அப்டேட், ஒத்துவராத சில ஆன்டிவைரஸ்கள் இருந்த கணினிகளை நீலத் திரையில் தள்ளியது. அதனால் 'நான் ஒத்துப்போவேன்' என்று விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஆன்டிவைரஸ் ஒரு குறி வைத்தால்தான் அப்டேட்டே இறங்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். 2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரேயொரு கோளாறான கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் சுமார் 85 லட்சம் கணினிகளைப் படுக்க வைத்தது.

எதையும் கழற்றுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் ஏழெட்டு வருட டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும்; அப்டேட் இறங்காது, உரிமத்திலும் குழப்பம் வரும். மேம்படுத்தும்போது கணினி பலமுறை அணைந்து எழுவதால் பழி விண்டோஸ் மேல் விழுகிறது. 3 வோல்ட் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்ததும் பச்சைக்கு வந்த கணினிகள் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்தது ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுத்துவிட்டு ஆன் செய்வது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னல் அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுபடி அதுவே எழும். டிரைவர்கள் புதிதாக ஏறுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து போனில் பேசும் மகன் "அப்பச்சி, ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் குடுங்க" என்று நாலு தடவை சொல்வதன் காரணம் இதுதான்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' போங்கள். ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் யார் பெயர் இருக்கிறது, ஆன் என்றா ஆஃப் என்றா என்று பார்த்தாலே பாதி விடை. வெளி ஆன்டிவைரஸ் ஆன் என்று பதிவாகியிருந்தால், விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக ஒதுங்கும். அது நின்றாலோ காலாவதியானாலோ டிஃபெண்டர் திரும்ப எழும். குடிமாற்றத்தில் இந்தப் பதிவு குழம்பும்போதுதான் வம்பு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கோப்பையும் தோண்டும், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று நம்பி இரண்டுமே சும்மா இருக்கும். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டுக்குப் போய் 7000, 7026 என்ற எண்களைத் தேடலாம். 7000 என்றால் சர்வீஸ் எழவில்லை. 7026 என்றால் கணினி எழும்போது ஏற வேண்டிய டிரைவர் ஏறவில்லை, அதன் பெயரும் அங்கேயே இருக்கும். அது உங்கள் ஆன்டிவைரஸின் டிரைவர் என்றால் ரிப்பேரை மறந்துவிட்டுக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றுவதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். உரிம எண்ணை முதலில் எழுதி வையுங்கள். பெட்டியைக் கழிவில் போட்டிருந்தால் மென்பொருளின் 'அபௌட்' பக்கத்திலோ வாங்கியபோது பதிந்த மின்னஞ்சலிலோ கிடைக்கும். உரிமத்தை டீஆக்டிவேட் செய்யும் வசதி இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் புதிதாகப் போடும்போது அதே கணினியை இரண்டாவது கணினியாக எண்ணி உரிமம் மறுக்கப்படலாம். அடுத்து, அதே நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அவர்களுடைய ரிமூவல் டூலையும் புதிய முழு இன்ஸ்டாலரையும் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் 'ரிமூவர்' பக்கம் போகவே வேண்டாம். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாக அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், ரிமூவல் டூல், மறுபடி ரீஸ்டார்ட். இந்த இடத்தில் டிஃபெண்டர் தானாக எழுந்ததா என்று பார்த்த பிறகே புதியதைப் போட வேண்டும். அது எழவில்லை என்றால் பழையதன் மிச்சம் இன்னும் உள்ளே இருக்கிறது. அதன் மேலேயே புதியதைப் போட்டால் பத்து நாளில் அதே சிவப்பு.

சாதாரணமாகக் கழற்ற முடியாதபோதுதான் சேஃப் மோட், அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை. ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4 என்ற விசை. இந்த வழியில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தால் 48 இலக்க பிட்லாக்கர் ரிகவரி எண் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். தினம் அடிக்கும் நாலிலக்கப் பின் நம்பர் அங்கே எடுபடாமல் போவதுண்டு, கணக்கின் முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் ஓடாது என்பதால் சாதாரண அன்இன்ஸ்டால் பிழை காட்டி நின்றுவிடும். ரிமூவல் டூலை முன்பே பென்டிரைவில் எடுத்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான். வெளிநாட்டிலிருந்து எனிடெஸ்க் வழியாகச் சரிசெய்பவர்கள் இந்தக் கட்டத்துக்குள் போகவே கூடாது. இணைப்பு அறுந்துவிடும், அதற்குப்பின் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆச்சி தனியாக என்ன செய்வார்?

புதிதாகப் போட்டும் எழவில்லை என்றால் மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன். இது ஆனில் இருக்கும்போது பழைய பாணி டிரைவர்களைக் கெர்னலுக்குள் விடாது. ஆன்டிவைரஸை நிறுத்திய அதே பூட்டு வேறு சாமான்களையும் நிறுத்தும் என்பதைக் கவனியுங்கள். ஆடிட்டர் அலுவலகங்களில் ஜிஎஸ்டி கையொப்பத்துக்குச் செருகும் யூஎஸ்பி டோக்கன், பழைய கைரேகைக் கருவி எல்லாம் இதில் அடிபடக்கூடியவை. அந்தப் பக்கத்திலேயே ஒத்துவராத டிரைவர்களின் பட்டியல் கிடைக்கும். கோப்பின் பெயரையும் நிறுவனத்தையும் குறித்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் புதிய டிரைவரைப் போடுங்கள். மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்து பழைய ஆன்டிவைரஸை ஓட வைப்பது குறுக்கு வழி, அதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. விண்டோஸே தரும் பாதுகாப்பை அணைத்துவிட்டுக் காசு கொடுத்த பாதுகாப்பை ஏற்றுவதில் என்ன கணக்கு?

ஆன்டிவைரஸ் செய்யாத குற்றங்களும் அதன் தலையில் விழுகின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஏறியதும் "ஃபயர்வால் அடைக்குது, பக்கத்து கணினியில இருக்கிற டேலி டேட்டா திறக்கல" என்பார்கள். ஆன்டிவைரஸைத் தூக்கிய பிறகும் திறக்காது. ப்ரோ பதிப்பில் 24எச்2 முதல் கோப்புப் பகிர்வில் கணினிகள் அனுப்பும் தகவலுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம், பெயர் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவுக்கும் இடமில்லை. பகிரும் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அதைக் கொண்டு நுழைந்தால் தீரும். இன்னொன்று, நெட்வொர்க் பிரைவேட்டிலிருந்து பப்ளிக் ஆகியிருக்கலாம். பில் பிரின்டர் மறைந்துபோனால் முதலில் அதைப் பாருங்கள். உண்மையிலேயே ஆன்டிவைரஸ் காரணமாகும் இடமும் உண்டு. மறுபடி நிறுவும்போது, சோதிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்த ஃபோல்டர்களின் பழைய விலக்குப் பட்டியல் அழிந்துவிடும். டேலி டேட்டா ஃபோல்டரைத் திரும்பச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு வவுச்சருக்கும் கணினி திணறும்.

நீண்ட நாள் ஓட்டத்தில் என்ன தெரிந்தது என்றால், 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியில் எந்த வெளி ஆன்டிவைரஸும் விண்டோஸ் 11 மேல் நிம்மதியாக ஓடவில்லை. அங்கே டிஃபெண்டரே போதும். ஆன்டிவைரஸ் புதுப்பிக்கும் பணத்தை எஸ்எஸ்டி-க்குப் போடுவது மேல். 8 ஜிபி, எஸ்எஸ்டி இருந்து, நாளெல்லாம் வாடிக்கையாளரின் பென்டிரைவ் செருகும் ஜெராக்ஸ் கடை என்றால் வெளி ஆன்டிவைரஸுக்கு அர்த்தம் உண்டு. ஏறிய முதல் நாளே வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தேடல் அட்டவணை, பின்னணி அப்டேட் எல்லாம் அடங்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

பெரிய வீடுகளுக்கென்று ஒரு தனிச் சங்கடம். முகப்பில் ரவுட்டர், கணினி நடுமுற்றம் சூழ்ந்த வளவு தாண்டி உள்கட்டில். நடுவில் நிற்கும் கனத்த செங்கல் சுண்ணாம்புச் சுவர்களில் வைஃபை தேய்ந்துவிடும். வைரஸ் அடையாளங்கள் அடங்கிய பெரிய டெஃபினிஷன் கோப்பு பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்து, கடைசியில் 'அப்டேட் ஃபெயில்டு'. இது பாதுகாப்புக் கோளாறே அல்ல. அன்று ஒரு நாளைக்கு லேன் கேபிளை இழுங்கள்.

விண்டோஸ் 11 ஏறவே முடியாத கணினிகளில் டிஃபெண்டரின் வைரஸ் அடையாள அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார முடியாது. விண்டோஸில் உள்ள ஓட்டையை அது அடைக்காது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டைகளுக்கு ஒட்டுப் போடுவார்கள்.

எல்லாம் முடிந்தபின் பச்சை டிக்கை மட்டும் பார்த்து எழுந்துவிட வேண்டாம். எய்கார் என்று 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் என்றே பிடிக்கும்படி உடன்பாடு உண்டு. அதை இறக்கும்போதே தடுத்தால் காவல் விழித்திருக்கிறது. சத்தமில்லாமல் டெஸ்க்டாப்பில் வந்து உட்கார்ந்தால் ரிமூவல் டூலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதுவரை விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்ப இருக்கும் 10 நாள் அவகாசம் அதை வைத்துத்தான்.