போர்வெல்லா, குட்டையா, பழைய கிணறா? வேலூர்ப் பக்கத்து நிலத்துக்கு எது தாங்கும்?

கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் பங்குனி, சித்திரை வந்தாலே ரிக் வண்டிச் சத்தம்தான். எங்கள் நிலத்தில் சித்தப்பா இரண்டு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார். முதலாவதில் 850 அடி வரைக்கும் புகைதான் வந்தது, இரண்டாவது இரண்டு வருடம் ஓடிவிட்டு நின்றது, அந்தக் கடன் இன்னும் முழுசாக அடையவில்லை. அடுத்த போருக்குப் பணம் புரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

பாலாற்று மணலை ஒட்டிய இடங்களை விட்டால் நம் அடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல். மேலே சில பத்து அடிக்குச் சிதைந்த பாறை இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும்தான் ஊற்று. ஆழமாகப் போனால் வேறு ஏதோ பெரிய தண்ணீர் கிடைக்கும் என்று நம்புகிறோம், ஆனால் அந்த வெடிப்பும் மேலேயிருந்து இறங்குகிற மழையில்தான் நிரம்பவேண்டும், பக்கத்துக் கொல்லைக்காரரின் போரும் அதே வெடிப்பில்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். சில இடங்களில் ஆழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடும் சேர்ந்து வரும்.

இப்போது மழையும் மாறிவிட்டது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. நிதானமாக ஊறவேண்டிய தண்ணீர் ஒரே ராத்திரியில் ஓடைக்குப் போய்விடுகிறது. 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியதே, அந்த வாரம் எங்கள் இரண்டாவது போரில் எந்த மாற்றமும் இல்லை. வரப்போரம் குப்பை கொட்டி வைத்திருந்த தாத்தா காலத்துக் கிணறு மட்டும் மேல்படி வரை நிரம்பி நின்றது. என் மனசு மாறியது அங்கேதான்.

சரி, பண்ணைக்குட்டை? ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 2 லட்சம் லிட்டர், அதில் ஓடிவருவதைப் பிடிக்கக் குட்டை நல்ல வழிதான். மல்லாட்டை (வேர்க்கடலை) காய் பிடிக்கிற நேரத்தில் மழை ஏமாற்றினால் ஒரு தண்ணீர் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் நம் வெயிலில் நிறைய ஆவியாகிவிடும், கோடை வரை நம்பமுடியாது, சின்ன நிலக்காரருக்கு இடமும் போகும்.

தடுப்பணை நாம் தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. கரையோரக் கிணறுகளுக்கு நல்லது, தூர் வாராவிட்டால் சில வருடத்தில் மண்மேடு.

என் ஓட்டு பழைய கிணற்றுக்கு. வயலில் ஓடும் மழைநீரை ஒரு குழிக்குத் திருப்பி, கருங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கி வடிகட்டி, குழாய் வழியாகக் கிணற்றில் விடுவது. இன்னொரு போர் போடுகிற செலவில் சின்னப் பங்குதான் ஆகும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலையில் உறைகிணறு இறக்கிச் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்: ஓடுகிற தண்ணீரை நிறுத்தி, சிதைந்த பாறைக்குள் இறக்குவது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் எந்தக் கால்வாய்த் தண்ணீரை உள்ளே விடுகிறோம் என்று கண்ணால் பார்த்துவிட்டு விடுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது, ஆனாலும் நிலத்தடியில் ஏறின உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

இதிலும் குறை உண்டு. கரண்ட் இலவசம் என்று மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டால் எந்தக் கிணறும் தாங்காது. நாங்கள் நெல்லைக் குறைத்துவிட்டு, மல்லாட்டைக்கும் கத்தரிக்கும் சொட்டு நீர் போட்ட பிறகுதான் கிணற்றில் மாசி வரை தண்ணீர் நிற்கிறது. அப்புறம் அந்த வடிகட்டி மணல்: ஒரு வருடம் கழுவாமல் விட்டோம், வண்டல் அடைத்து, ஐப்பசி மழை முழுக்கக் குழிக்கு மேலேயே வழிந்து போனது. இப்போது ஒவ்வொரு ஆடியிலும் மணலை அள்ளி வெளியே கொட்டி அலசிவிட்டுத்தான் திரும்பப் போடுகிறோம்.